சிறு பணப்பைக்கு ஒரு பெருநகர்

தூர தேசப் பிரயாணம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு முடியும்?" என்பதே. கேள்வியிற் குற்றமில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை எண்ணிப் பார்த்துச் செலவிடுவது குடும்பத்தவர்க்கு அழகு. ஆனால் அக்கேள்விக்கு விடை காணுமுன்பே, "அதெல்லாம் சீமான்களுக்கு உரியது" என்று ஒதுங்கிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இலண்டனையும் ரொறொன்ரோவையும் கண்டு திரும்புகின்றனர். தென் அமெரிக்கா என்னும் பெருங்கண்டமோ, பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகத்துக்குள்ளேயே பலருக்குத் தங்கிவிட்டது.

இன்று வாசகர்களை அக்கண்டத்தின் தலைநகரொன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவே அது. கொழும்பு, கொலம்பியா என்னும் பெயர்களின் ஒலி ஒற்றுமை கண்டு மயங்க வேண்டாம். கொலம்பியா, கொலம்பஸ் என்னும் மாலுமியின் பெயரால் வழங்குவது. நமது கொழும்பின் பெயருக்கும் அம்மாலுமிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

சிறிய பணப்பையுடன் ஒரு நகருக்குச் செல்பவன் அந்நகரின் எப்பகுதியைக் காண்கிறான்? விருந்தினனாக நடுவீட்டில் அமர்கிறானா, அன்றிக் கொல்லைப்புறத்தை மாத்திரம் பார்த்துத் திரும்புகிறானா? இக்கேள்வியை மனத்திற் கொண்டே நாம் பொகோட்டாவைச் சுற்றி வந்தோம். கண்டவற்றைக் கீழே தருகிறோம்.

நமது சிகரத்திலும் உயர்ந்த நகர்

ஈழத்தின் அதியுயர்ந்த சிகரமான பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. பொகோட்டா நகரோ ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்திற் பரந்து கிடக்கின்றது. நமது நாட்டின் உச்சிக்கும் மேலே எண்பது இலட்சம் மக்கள் வாழும் பெருநகர் ஒன்றை இருத்தினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அதன் தன்மை விளங்கும்.

பூமத்தியரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் அந்நகர் அமைந்திருப்பதால் கோடை, மாரி என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் இதமான குளிர். இரவிலோ எட்டு ஒன்பது பாகைக்கு இறங்கும் கடுங்குளிர். வீடுகளில் வெப்பமூட்டும் ஏற்பாடு அரிது. ஆகவே ஒரு கம்பளிச் சட்டையும் குடையும் இன்றியமையாதவை. ஏப்பிரில், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. காலையில் வெயில் எறிக்க, நண்பகலில் மழை கொட்டி, மாலையில் மீண்டும் வானம் வெளுப்பதும் அங்கு வழக்கமே.

உயரம் காரணமாகக் காற்றின் அடர்த்தி குறைவு. முதல் நாளில் நான்கு படி ஏறினாலும் மூச்சு வாங்கும். சிலருக்குத் தலை இடிக்கும். அங்கு நீர் நூறு பாகையிற் கொதிப்பதில்லை; தொண்ணூற்றொரு பாகையளவிலேயே கொதித்துவிடும். அதனாற் பானையில் வேகும் பருப்புக்கும் அதிக நேரம் வேண்டும். பருப்புக்கே பொறுமை வேண்டிய ஊரில் பிரயாணிக்கும் அது வேண்டுமன்றோ? முதல் நாளை ஓய்வுக்கு ஒதுக்கி, நிரம்பத் தண்ணீர் பருகி, மெல்ல நடப்பதே நலம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொகோட்டாவின் குழாய் நீர் குடிப்பதற்கு ஏற்றது. போத்தல் நீருக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. நகருக்கு வேண்டிய நீரிற் பெரும்பகுதி சிங்காசா என்னும் மலைமேட்டுப் புல்வெளியிலிருந்து வருகின்றது. அங்கு வளரும் பிராயிலெகோன் என்னும் செடி, உரோமம் போர்த்த தன் இலைகளால் மூடுபனியைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகின்றது. 2024ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, ஏப்பிரில் மாதந் தொடங்கி ஓராண்டு காலம் நகர மக்கள் முறை வைத்து நீர் பெற வேண்டியிருந்தது. அக்குழாயைத் திறக்கும் விருந்தினரும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

செலவுக் கணக்கு

பெருஞ்செலவு விமானச் சீட்டே. கொழும்பிலிருந்து நேர் விமானம் கிடையாது. வழியில் ஓரிடத்திலேனும் இறங்கி மாற வேண்டும். விசா விதிகளையும், இடையில் இறங்கும் நாட்டின் விதிகளையும் சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்தபின் செலவு நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை.

கொலம்பிய நாணயம் பேசோ எனப்படும். 2025ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 4,000 பேசோ கிடைத்தது. பழைய நகர்ப் பகுதியான லா கண்டெலாரியாவில், பொதுப் படுக்கையறை கொண்ட விடுதிகளில் ஒரு கட்டிலுக்கு ஓரிரவு வாடகை 60,000 பேசோ என்று வைப்போம். மதிய உணவுக்கு 15,000. காலை மாலை ஆகாரங்களுக்கு 20,000. நகர பஸ்ஸில் ஒரு பிரயாணத்துக்கு அவ்வாண்டுக் கட்டணம் 3,200 பேசோ. நான்கு முறை ஏறினால் 12,800. ஆக மொத்தம் 107,800 பேசோ, அதாவது இருபத்தேழு டொலர். நமது நாணயத்திற் சொன்னால் எட்டாயிரம் ரூபாவுக்குச் சற்று அதிகம். பெரிய ஹோட்டல் ஒன்றில் ஓரிரவு உறங்கும் காசில் இங்கு பல நாட்கள் உண்டு, உறங்கி, ஊர் சுற்றலாம்.

லா கண்டெலாரியாவின் பழைய வீடுகள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைவூட்டுவன. தெருவோரத்தில் வெறுஞ் சுவரும் கதவுந்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, அதன் பின் அறைகள். விடுதிகள் பல இத்தகைய வீடுகளிலேயே நடைபெறுகின்றன.

வீதியின் கணக்கு

பொகோட்டாவில் வழி கேட்டுத் திண்டாட வேண்டியதில்லை. நகரின் கிழக்கே மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கின்றது. மலை எப்பக்கமோ அப்பக்கம் கிழக்கு. இதனை அறிந்தவன் திசை தப்பான். மலையை நோக்கிச் செல்லும் வீதிகள் 'காயே' எனவும், மலைக்கு இணையாக வடக்குத் தெற்காக ஓடுவன 'கரேரா' எனவும் பெயர் பெறும். இரண்டுக்கும் இலக்கங்களே பெயர். ஒரு வீட்டின் விலாசம் 'காயே 11, இலக்கம் 4–41' என்று இருந்தால், அவ்வீடு பதினோராம் காயேயில், நான்காம் கரேராச் சந்தியிலிருந்து ஏறத்தாழ 41 மீற்றர் தூரத்தில் உள்ளது என்பது பொருள். விலாசமே வழிகாட்டி.

நகரின் பொதுப் போக்குவரத்துக்கு முதுகெலும்பாய் விளங்குவது 2000ஆம் ஆண்டு இறுதியில் ஆரம்பமான டிரான்ஸ்மிலேனியோ என்னும் பஸ் சேவை. நீண்ட சிவப்பு வண்டிகள் தமக்கெனப் பிரித்த தனிப்பாதையில், றெயில் நிலையம் போன்ற மேடைகளில் நின்று செல்லும். முற்பணம் இட்ட அட்டையைக் காட்டி உட்புக வேண்டும். அலுவலக நேரங்களில் நெரிசல் சொல்லி முடியாது. அந்நேரங்களைத் தவிர்ப்பதே பணப்பைக்கும் காலுக்கும் பாதுகாப்பு.

அச்சேவையோடு இணைந்த ஒரு வண்டி வானத்திற் செல்கின்றது. நகரின் தெற்கே சியுதாத் பொலிவார் என்னும் மலைச்சரிவிற் குடியிருக்கும் ஏழை மக்களுக்காக 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தொங்குவண்டிப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. முன்பு வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் இறங்கி வந்த தொழிலாளர் இன்று கால் மணிக்குள் வந்து சேர்கின்றனர். அவ்வண்டியில் நாம் ஏறுவதாயின் அம்மக்களோடு சகபிரயாணியாக ஏற வேண்டும். பிறர் வறுமையைப் படம் பிடிக்க ஏறுவது பண்பாகாது.

தெரிந்த சொற்கள் சில

கொலம்பியாவில் வழங்கும் மொழி ஸ்பானியம். ஆங்கிலம் அறிந்தோர் தெருவிற் குறைவு. ஆயினும் ஈழத்தமிழர்க்கு அங்கு ஒரு சிறு வியப்புக் காத்திருக்கின்றது. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் ஸ்பானிய மொழியிலும் உறவுடையன. நமது பாண் அங்கும் 'பான்'. நமது மேசை அங்கு 'மேசா'. சப்பாத்து 'சபாத்தோ', அலுமாரி 'அர்மாரியோ', தவறணை 'தபேர்னா'. உலகின் மறுகோடியில், முன்பின் அறியாத கடையொன்றில், பாண் என்று கேட்டால் பாண் கிடைக்கும் என்பது அனுபவித்து அறிய வேண்டிய மகிழ்ச்சி.

வயிற்றுக்கு விருந்து

சிக்கனப் பிரயாணியின் உற்ற நண்பன் 'கொரியெந்தாசோ' எனப்படும் மதியச் சாப்பாடு. உத்தியோகத்தரும் தொழிலாளரும் உண்ணும் சிறு கடைகளில் அன்றாடம் இது கிடைக்கும். முதலில் ஒரு கிண்ணம் சூப்பு. பின்னர் சோறு, அவரையோ பருப்போ, பொரித்த வாழைக்காய், ஒரு துண்டு இறைச்சி. கூடவே ஒரு குவளை பழரசம். மரக்கறி உணவினர் 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னாற் போதும். ஆனால் சூப்பு எதிற் கொதித்தது என்பதையும் கேட்டறிவது அவசியம். பகலில் இவ்வாறு வயிறார உண்டால் இரவுக்குப் பாணும் பழமும் போதியவை.

பொகோட்டாவுக்கே உரிய உணவு 'ஆஹியாக்கோ' என்னும் கெட்டியான சூப்பு. மூவகை உருளைக்கிழங்கு, கோழி, சோளக்கதிர், குவாஸ்காஸ் என்னும் பச்சிலை ஆகியன சேர்ந்து கொதிப்பது. ஒருவகைக் கிழங்கு கரைந்து குழம்பாகும். மற்றது உருக்குலையாமல் நிற்கும். உருளைக்கிழங்கின் தாயகம் அந்த மலைநாடு என்பதை அச்சுவையே உணர்த்திவிடும்.

குளிர் மாலையில் அவர்கள் பருகுவது 'அக்வா பனேலா'. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கட்டியை வெந்நீரிற் கரைத்தது அது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்திப் பழகிய நமக்கு அதில் வீட்டு மணம் இருக்கின்றது. சூடான சொக்கலேற் பானத்துக்குள் வெண்கட்டித் துண்டுகளை இட்டு, அவை இழையாக உருகியதும் கரண்டியால் எடுத்துண்பது பொகோட்டா மக்களின் மற்றொரு வழக்கம். கேட்பதற்கு விசித்திரம், உண்டால் மறவாது. கோப்பியோ தெருவெங்கும் கிடைக்கும். வெந்நீர்க் குடுவைகளை வண்டியில் அடுக்கித் தள்ளிவரும் ஏழைப் பெண்களிடம் 'தின்தோ' என்று கேட்டால், சிறு கோப்பையிற் கறுப்புக் கோப்பி ஊற்றித் தருவார்கள். அவர்களிடம் விலை பேசுவது நமக்கு இழுக்கு.

பலோகெமாவோ சந்தைக்குக் காலையிற் செல்வது நுழைவுச்சீட்டில்லாத கண்காட்சிக்குச் செல்வதாகும். கொலம்பியா உலகிற் பெருமளவு மலர் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்று. சந்தை வாயிலிலேயே ரோசாக்களும் கார்னேசன்களும் கட்டுக்கட்டாய்க் குவிந்து கிடக்கும். உள்ளே லூலோ, குரூபா, உச்சுவா, கிரானடில்லா என நாம் அறியாத பழங்களும், பப்பாசி, மாம்பழம், அன்னாசி என நாம் அறிந்த பழங்களும் ஒன்றாக வீற்றிருக்கும்.

ஒரு கரண்டகமும் ஒரு பொற்படகும்

உண்டு களைப்பாறியபின் கண்ணுக்கு விருந்து தேடுவோம். நகர் மத்தியில், சந்தாந்தேர் பூங்காவின் அருகே, பொன் நூதனசாலை இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி இலவசம், மற்றை நாட்களிலும் கட்டணம் சிறிது, திங்கட்கிழமை விடுமுறை. கொலம்பிய மத்திய வங்கி 1939ஆம் ஆண்டு ஒரேயொரு பொற்பாத்திரத்தை விலைக்கு வாங்கியதில் இந்நூதனசாலை தொடங்கியது. அப்பாத்திரம் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? கொக்கா இலையோடு சேர்த்து மெல்லுவதற்கான சுண்ணாம்பை இட்டு வைப்பதற்கு! நமது பாட்டிமார் வெற்றிலைத் தட்டில் வைத்திருந்த சுண்ணாம்புக் கரண்டகத்தின் பொன்னுறவினன் அது. அப்பொருள் வெளிநாட்டார் கைக்குப் போய்விடக் கூடாது என்று வாங்கி வைத்த வங்கி, பின்னர் பல்லாயிரக்கணக்கான பொற்பொருட்களைச் சேகரித்துப் பொதுமக்கள் முன் வைத்தது.

அவற்றுள் யாவரும் தேடிச் செல்வது ஒரு சாண் அளவான பொற்படகை. பொகோட்டா மேட்டுநிலத்தின் ஆதிக்குடிகளான முய்ஸ்கா மக்கள் செய்தது. 1969ஆம் ஆண்டு பாஸ்கா என்னும் ஊரையடுத்த குகையொன்றிற் கிடைத்தது. நடுவில் தலைவன் நிற்க, சுற்றிலும் சிற்றுருவங்கள் நிற்கின்றன. புதிய தலைவன் உடலெங்கும் பொற்றுகள் பூசிக் குவாத்தாவீட்டா ஏரியின் நடுவே சென்று, பொன்னையும் மரகதத்தையும் நீருக்குக் காணிக்கையாக இட்டான் என்னும் மரபுக் கதையை அப்படகு நினைவூட்டுகின்றது. ஸ்பானியரை வெறிகொள்ளச் செய்த 'எல் டொராடோ'க் கதை இதுவே. அவர்களுள் ஒருவர் 1580ஆம் ஆண்டளவில் ஏரியின் கரையையே வெட்டி நீரை வெளியேற்ற முயன்றார். அவ்வெட்டின் தழும்பு இன்றும் மலையிற் காணப்படுகின்றது. முய்ஸ்கா மக்களுக்கோ பொன் கடவுளுக்குக் கொடுக்கும் பொருள்.

படகு செய்யப்பட்ட முறையும் நமக்கு அந்நியமன்று. மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது அம்முறை. பொலனறுவையிற் கிடைத்த நடராச வடிவங்களை வார்த்த சிற்பிகளும் மெழுகு வார்ப்பையே கையாண்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார் ஒரே வழியைக் கண்டுபிடித்தது வியத்தற்குரியது.

கொடையாளியின் நிபந்தனை

மேலே விலாசம் விளக்குவதற்கு எடுத்துக்கொண்ட 'காயே 11, இலக்கம் 4–41' கற்பனை விலாசமன்று. அதுவே பொட்டேரோ ஓவியசாலை. பெர்னாண்டோ பொட்டேரோ 1932ஆம் ஆண்டு மெடயின் நகரிற் பிறந்தவர். தந்தை ஊரூராய்ச் சென்று வியாபாரம் செய்தவர். மகனுக்கு நான்கு வயதாகும்போது காலமானார். பருத்த மனிதரையும் பருத்த பழங்களையும் தீட்டி உலகப் புகழ் பெற்ற அவ்வோவியர், 2000ஆம் ஆண்டு 208 கலைப்பொருட்களை மத்திய வங்கிக்குக் கொடையாக வழங்கினார். அவற்றுள் 123 அவருடைய ஆக்கங்கள். எஞ்சிய 85, அவர் தமக்கெனச் சேர்த்து வைத்திருந்த பிற நாட்டு மேதைகளின் படைப்புகள். பிக்காசோ, மொனே, ரெனுவார், டாலி, ஷகால் என்னும் பெயர்களை அங்கு சுவரிற் காணலாம். அனுமதி என்றும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது கொடையின் நிபந்தனை. 2023ஆம் ஆண்டு அவர் மறைந்தார், நிபந்தனை மறையவில்லை. செவ்வாய் தவிர்ந்த நாட்களில், பாடசாலைச் சீருடையுடன் வரும் சிறுவரும் தெருவிற் பொருள் விற்போரும் ஒரு சதமும் கொடாமல் உட்சென்று அவற்றைப் பார்க்கலாம்.

அவ்வோவியசாலையின் எதிரே 1958ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூல் நிலையம் உள்ளது. மழை வந்தால் ஒதுங்குவதற்கு அதனினும் மேலான இடம் நகரில் இல்லை. அதே வீதியிற் சற்றே கீழே இறங்கினால், நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸின் பெயர் தாங்கிய பண்பாட்டு நிலையமும், அதற்கப்பால் நகரின் இருதயமான பொலிவார் சதுக்கமும் வரும்.

ஞாயிறு என்னும் திருநாள்

பொகோட்டாவில் ஒரு ஞாயிறேனும் தங்குவது அவசியம். ஞாயிறு தோறும், பொது விடுமுறை தோறும், காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நகரின் பிரதான வீதிகள் நூற்றிருபது கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படும். 'சிக்லோவியா' எனப்படும் இவ்வழக்கம் 1974ஆம் ஆண்டு டிசம்பரில் தோன்றியது. சைக்கிளில் வருவோர், ஓடுவோர், நாயோடு நடப்போர், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து வருவோர் என இலட்சக்கணக்கானோர் வீதியை நிறைப்பர். பூங்காக்களில் ஆசிரியர் ஒருவர் மேடையில் நின்று ஆட, ஆயிரம் பேர் சேர்ந்தாடித் தேகாப்பியாசம் செய்வர். செல்வந்தர் குடியிருக்கும் வடக்கும் ஏழைகள் குடியிருக்கும் தெற்கும் ஒரே தெருவில் வியர்வை சிந்தும் ஏழு மணி நேரம் அது. இதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை.

அன்று காலையிலேயே மொன்செராத்தே மலைக்கும் யாத்திரிகர் திரளுவர். நகருக்கு மேலே 3,152 மீற்றர் உயரத்தில், வீழ்ந்த நிலையிற் காணப்படும் இயேசுவின் திருவுருவம் உள்ள வெண்ணிறக் கோயில் அம்மலையுச்சியில் விளங்குகின்றது. 1929ஆம் ஆண்டு முதல் மலை றெயிலும், 1955ஆம் ஆண்டு முதல் தொங்குவண்டியும் உண்டு. காலால் ஏறுவோர்க்குச் செலவு எதுவுமில்லை. சிவனொளிபாத மலையேறியவர்கள் படிகளைக் கண்டு அஞ்சார். ஆனால் அங்கு காற்று மெலிது என்பதை மறக்கலாகாது. நடைபாதை செவ்வாயில் மூடப்படும். கூட்டத்தோடு ஏறிக் கூட்டத்தோடு இறங்குவதே பாதுகாப்பு. உச்சியில் நின்று பார்த்தால், செங்கல் நிறத்தில் அடிவானம் வரை விரிந்த நகரம் காலடியிற் கிடக்கும்.

பப்பாசி கொடாதே

கொலம்பியரிடம் ஒரு பழமொழி உண்டு: "பப்பாசி கொடாதே." திருடனுக்குச் சந்தர்ப்பம் கொடாதே என்பது அதன் கருத்து. கைத்தொலைபேசியைத் தெருவில் நீட்டிப் பிடித்தபடி நடப்பது பப்பாசி கொடுப்பது. கடவுச்சீட்டையும் பணம் முழுவதையும் ஒரே பையில் வைத்திருப்பதும் அதுவே. பகலிற் கலகலப்பான லா கண்டெலாரியாவின் ஒழுங்கைகள் இருட்டியதும் வெறிச்சோடிப் போகும். அவ்வேளையில் தனியே நடவாமல், விடுதியார் அழைத்துத் தரும் வாடகை வண்டியில் வருவதே தக்கது. சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு அது. அச்சத்தால் அறைக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம். அசட்டையால் அல்லற்படவும் வேண்டாம்.

துவக்குகளை உருக்கிய தளம்

பொகோட்டாவின் வரலாற்றில் இரத்தக் கறை படிந்த நாட்கள் பல. ஏழைகளின் குரலாய் விளங்கிய தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி ஏழாம் கரேராவிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்று மூண்ட கலவரத்தில் நகரின் மத்திய பகுதி எரிந்தது. அப்போது அங்கு சட்டம் பயின்ற இருபத்தொரு வயது கார்சியா மார்க்கேஸ் தங்கியிருந்த விடுதியும் எரிந்தவற்றுள் ஒன்று. அவர் 1982ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். கைத்தான் வீழ்ந்த இடத்துச் சுவரிற் கல்வெட்டுகள் உள்ளன. இன்று அவ்வழியே மக்கள் ஐஸ்கிறீம் உண்டபடி நடக்கின்றனர்.

அதன்பின் பல தசாப்தங்கள் கொலம்பியாவை உள்நாட்டுப் போர் அலைக்கழித்தது. 2016ஆம் ஆண்டு அரசாங்கத்துக்கும் மிகப் பெரிய கிளர்ச்சிப் படைக்கும் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. கிளர்ச்சிக்காரர் ஒப்படைத்த ஆயுதங்களை என்ன செய்வது? அவற்றை உருக்கி மூன்று நினைவுச்சின்னங்கள் அமைப்பதென உடன்படிக்கை கூறியது. அவற்றுள் ஒன்று பொகோட்டாவில், பொலிவார் சதுக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏழாம் கரேராவில் உள்ளது. 'பிராக்மென்டோஸ்' என்பது பெயர்; துண்டங்கள் என்பது பொருள். டோரிஸ் சால்செடோ என்னும் சிற்பி 2018ஆம் ஆண்டு அமைத்தது. இங்கும் அனுமதி இலவசம்.

உள்ளே சென்றால் சிலை இல்லை, தூண் இல்லை. பழைய வீடொன்றின் இடிந்த சுவர்கள்; அவற்றிடையே கண்ணாடி அறைகள்; காலின் கீழே கருமையான உலோகத் தளம். முப்பத்தேழு தொன் ஆயுதங்களை உருக்கி வார்த்த ஓடுகள் அத்தளத்திற் பதிக்கப்பட்டுள்ளன. ஓடுகள் சமதளமாக இல்லை. மேடும் பள்ளமுமாய்ச் சுருங்கிக் கிடக்கின்றன. போரிற் பாலியற் கொடுமைக்கு ஆளான பெண்கள் சிலர் சுத்தியல் எடுத்து உலோகத் தகடுகளை அடித்தனர். அவ்வடிகளின் உருவமே அச்சாகி ஓடுகளில் இறங்கியது. துவக்குகளை நிமிர்ந்து பார்க்கும் சின்னமாக்காமல், நடந்து செல்லும் தரையாக்க வேண்டும் என்பது சிற்பியின் எண்ணம்.

போர் என்றால் என்னவென்று அறிந்த நாட்டினராகிய நாம் அத்தளத்தில் நின்றபோது வெகு நேரம் பேசவில்லை. உடன்படிக்கையால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கொலம்பியரும் சொல்லவில்லை. ஆயுதம் ஏந்திய வேறு குழுக்கள் பின்னரும் அந்நாட்டில் இயங்கியே வந்துள்ளன. ஆயினும் கொல்வதற்கென்று செய்த பொருளை, அதனால் துன்புற்றவரின் கையாலேயே வேறொன்றாக்கி, எவரும் காசின்றி வந்து நின்று நினைக்கும் இடமாக்கியிருக்கின்றனர். இத்தகைய ஓரிடம் நம் நாட்டிலும் இருந்தால் அங்கு யார் யார் வந்து நிற்பர் என்ற எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை.

விருந்தினர் கடன்

ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பொகோட்டாவிற் சிறு பணப்பையுடன் சென்றவனுக்குக் கிடைப்பது நடுவீடே. பொற்படகு, பொட்டேரோவின் ஓவியங்கள், நூல் நிலையம், ஞாயிற்று வீதி, உருகிய துவக்குகளின் தளம் ஆகிய நகரின் சிறந்த செல்வங்கள் விலைக்கு விற்கப்படவில்லை. அவை நமக்காக இலவசமாக்கப்பட்டவையும் அல்ல. கட்டணம் கொடுக்க இயலாத தம் சொந்த மக்களுக்காகவே அந்நகரத்தார் அவற்றைத் திறந்து வைத்தனர். அவ்வாயிலில் நாமும் நுழைகிறோம்.

ஆதலின் விருந்தினர் கடன் ஒன்று உண்டு. கோப்பி விற்பவளிடம் பேரம் பேசாதிருத்தல், தண்ணீரை வீணாக்காதிருத்தல், மிச்சம் பிடித்த காசிற் சிறிதைச் சிறு கடைகளிலும் சந்தையிலும் செலவிடுதல் ஆகியன அக்கடனின் ஒரு பகுதி. மறுபகுதி ஊர் திரும்பியபின் வருவது. நம் ஊர்ப் பூங்காவையும் நூல் நிலையத்தையும் நூதனசாலையையும் பார்க்கும்போது, இவற்றின் கதவு யாருக்குத் திறந்திருக்கின்றது, யாருக்கு அடைத்திருக்கின்றது என்று கேட்கத் தொடங்குவோமாயின், அந்த இருபத்தேழு டொலரும் நல்ல முறையிற் செலவானதாகவே கொள்ளலாம்.